பிடி என்றால் விடு

மைசூர் தேவராஜ மார்க்கெட்டில் தமிழர்கள் முதலில் தடுக்கி விழும் கன்னடச் சொல் 'பிடி'. வெற்றிலைக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசினால் கடைக்காரர் "பிடி சார்" என்பார். நாம் இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்வோம். அவர் சொன்னது "விடுங்க சார்" என்று. தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே எழுத்து, பொருளோ நேரெதிர். தேவராஜ மொஹல்லாவில் தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது பழைய சிரிப்பு. எங்கள் மாடி வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் இந்த வருஷம் சிரிப்பு வரவில்லை.

கிளினிகல் சைக்காலஜியில் எம்.ஃபில். சேர மூன்று வருஷமாக நுழைவுத் தேர்வு எழுதுகிறாள். பி.ஏ., எம்.எஸ்சி. இரண்டுமே சைக்காலஜிதான். அப்பாவுக்கு மார்க்கெட்டில் வெற்றிலைக் கடை. மகளின் படிப்பைப் பற்றி யாராவது கேட்டால் அவர் சொல்வது: "பைத்தியத்தைப் பார்க்கிற படிப்பு இல்லண்ணா, பைத்தியம் ஆகாமப் பார்க்கிற படிப்பு." இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. மூன்றாவது பட்டியலும் வந்தது. அவள் பெயர் வரவில்லை. கன்னடம் பேசும் அக்கம்பக்கத்தார் "பிடி பிடி, பர்வாகில்லா" என்றார்கள். ஊரிலிருந்து போன் செய்த சித்தப்பா "ஏதாவது ஒண்ணைக் கெட்டியாப் பிடிம்மா" என்றார். விடுவதா பிடிப்பதா என்று தெரியாமல் அவள் இரண்டு நாள் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் தெருவே கூடி அவளுக்குப் பிளான் பி போட்டுக் கொடுத்தது.

அர்ஸ் ரோட்டில் துணிக்கடை வைத்திருப்பவர் எச்.ஆர். என்றார். அந்த வேலைக்குச் சைக்காலஜி படித்தவர்களைத்தான் தேடுகிறார்களாம். ஆளை எடுப்பதற்கு யாரும் போதும். வீட்டுக்கு அனுப்பும்போது அழுகிறவரிடம் டிஷ்யூ காகிதத்தைப் பக்குவமாக நீட்டத்தான் படித்த கை வேண்டும். ரிட்டையர்டு தலைமையாசிரியர் பி.எட். என்றார். அவருடைய மருமகன் பேங்க் பரீட்சை என்றார். இன்னொருவர் இங்கிலாந்தில் ஒரே வருஷத்தில் மாஸ்டர்ஸ் முடித்துவிடலாம், வீட்டுப் பத்திரத்தை வைத்தால் லோன் கிடைக்கும் என்றார். பத்திரம் அவருடையதல்ல என்பதால் தாராளமாகச் சொன்னார். கீழ்வீட்டு அம்மாள் எல்லோரையும் மிஞ்சினார்: "கல்யாணத்தைப் பண்ணி வெச்சுடுங்க. மாமியார் வீட்லயே பிராக்டிஸ் பண்ணிக்கட்டும்."

யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கு வயிறு எரிந்தது வேறு காரணத்துக்காக. அத்தனை பேரும் அவளிடமே கேட்டார்கள், உன் மாற்று ஏற்பாடு என்ன என்று. இருபத்தைந்து வயதுப் பெண்ணிடம் கேட்ட கேள்வியை டெல்லியில் உட்கார்ந்து கதவு மூடுகிறவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

கதவுக்கு வெளியே என்ன நடக்கிறது என்று பாருங்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் முன்னின்று நடத்திய தேசிய மனநல ஆய்வு 2015-16-இல் 12 மாநிலங்களில் வீடு வீடாகப் போய்க் கேட்டது. பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அந்த நேரத்தில் ஏதோ ஒரு மனநலக் குறை இருந்தது. சிகிச்சை கிடைக்காதவர்கள், நோய்க்கு ஏற்ப, 70 முதல் 92 சதவீதம் வரை. ஒரு லட்சம் பேருக்கு ஒரு கிளினிகல் சைக்காலஜிஸ்ட் என்ற கணக்கைக்கூட இந்த நாடு இன்னும் எட்டவில்லை. 2022 அக்டோபரில் டெலி மானஸ் என்று ஓர் இலவசத் தொலைபேசிச் சேவை வந்தது, எண் 14416. நல்ல காரியம். ஆனால் மணி அடித்தால் எடுக்க ஆள் வேண்டுமே. மருந்துக் கடையில் மாத்திரை தீர்ந்தால் மைசூரிலிருந்து பெங்களூருக்கு ஆள் அனுப்பலாம். மனசைக் கேட்கும் காது தீர்ந்துபோனால் எந்த மொத்த வியாபாரியிடம் போவது?

2023 ஆகஸ்டில் ராஜஸ்தானின் கோட்டா நகரத்து விடுதிகளில் மின்விசிறிகளுக்கு ஸ்பிரிங் பொருத்தச் சொல்லி மாவட்ட நிர்வாகம் உத்தரவு போட்டது. பாரம் தொங்கினால் ஸ்பிரிங் கீழே இறங்கிவிடும். கோச்சிங் படிக்க வந்த பிள்ளைகள் சாகிறார்கள். நிர்வாகத்தின் கண்ணுக்கு முதலில் பட்டது விசிறி. 2025 ஜூலை 25-இல் உச்ச நீதிமன்றம் பிள்ளைகளையும் பார்த்தது. விசாகப்பட்டினத்தில் நீட் படித்துக்கொண்டிருந்த 17 வயது மாணவியின் சாவைப் பற்றிய வழக்கு அது. 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதி பெற்ற ஒரு கவுன்சலரையோ சைக்காலஜிஸ்டையோ சமூகப் பணியாளரையோ நியமிக்க வேண்டும் என்றது தீர்ப்பு. டியூட்டோரியலும் அதில் அடக்கம். சயாஜி ராவ் ரோட்டிலிருந்து சும்மா ஒரு நடை நடந்தால் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை டியூட்டோரியல் போர்டு! ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் தேவை. அந்த ஆள் எங்கள் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கதவுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. 1992-இன் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம். கிளினிகல் சைக்காலஜிஸ்ட் என்று சொல்லிக்கொண்டு தொழில் செய்ய அந்தக் கவுன்சிலின் மத்தியப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். பெயர் ஏற, கவுன்சில் ஒப்புக்கொண்ட படிப்பு வேண்டும். அது நெடுங்காலமாக இரண்டு வருஷ எம்.ஃபில். அதற்கு எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி.யில் 55 சதவீதம், அப்புறம் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனி நுழைவுத் தேர்வு, நேர்காணல். அரசு நிறுவனங்களில் சீட்டுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். தனியாரிடம் போனால் பணத்தை லட்சத்தில் எண்ண வேண்டும். நோயாளியின் மனதில் கைவைக்கிறவருக்குக் கடுமையான பயிற்சி வேண்டும்; அதில் எனக்கு மறுபேச்சே கிடையாது. சட்டத்தின் இன்னொரு முனையைப் படித்தபோதுதான் சிரிப்பு வந்தது. பதிவு இல்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய்! வரமகாலட்சுமி பண்டிகைக்கு முந்தின நாள் எங்கள் மார்க்கெட்டில் அந்தப் பணத்துக்கு ஒரு கிலோ கனகாம்பரம் கொடுக்க மாட்டார்கள். போலி வைத்தியருக்கு ஒரு மணி நேர வரும்படி அது. காலையில் அபராதம் கட்டிவிட்டு மத்தியானமே லாபத்துக்கு வந்துவிடலாம்.

அந்த ஆயிரத்தைக்கூடக் கட்ட வேண்டாத வழியும் இருக்கிறது. 'கிளினிகல்' என்ற ஒரு சொல்லைத் தொடாமல் இருந்தால் போதும். லைஃப் கோச், மைண்ட் மாஸ்டர், ஆழ்மன நிபுணர், உறவு ஆலோசகர், சப்கான்ஷியஸ் ஹீலர். எதை வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறு இரண்டு நாள் ஓட்டல் ஹாலில் வகுப்பு, நடுவில் பஃபே சாப்பாடு, திங்கட்கிழமை சான்றிதழ், செவ்வாய்க்கிழமை முதல் நோயாளி. ஐந்து வருஷம் படித்து நாலாவது தேர்வுக்குக் காத்திருப்பவளை நிறுத்துகிற காவல்காரர் இவரைப் பார்த்ததும் சலாம் போட்டு வழிவிடுகிறார். நம் நாட்டில் அரைகுறையாகப் படித்தவருக்குத்தான் ஆபத்து. ஒன்றுமே படிக்காதவரைத் தொடுவதற்குச் சட்டத்துக்குக் கையே கிடையாது.

இருந்த ஒரே வாசலை யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, எப்படிப் பராமரித்தது என்பது தனி நாடகம். 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை எம்.ஃபில். பட்டமே வேண்டாம் என்றது. 2022 நவம்பரில் யுஜிசி விதி போட்டு அதை நிறுத்தியது. பிஎச்.டி.க்கு முன்னால் வீணாக இரண்டு வருஷம் என்று நினைத்திருப்பார்கள். வரலாறு, பொருளாதாரத்துக்கு அது பொருந்தும். கிளினிகல் சைக்காலஜியில் அந்த எம்.ஃபில்.தான் ஆஸ்பத்திரி வார்டுக்குள் நுழையும் அனுமதிச் சீட்டு என்று அந்த மேசையில் யாருக்கும் தோன்றவில்லை. 2023 டிசம்பர் கடைசியில், யாரும் எம்.ஃபில்.லில் சேராதீர்கள் என்று மறுபடி எச்சரிக்கை. 2024 ஜனவரியில் தலையைச் சொறிந்துகொண்டு, கிளினிகல் சைக்காலஜிக்கும் மனநலச் சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை செல்லும் என்று நீட்டிப்பு. நடுவில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவர்களின் கதியை நினைத்துப் பாருங்கள். மாடி வீட்டுப் பெண் அந்த டிசம்பரில் புத்தகங்களை மூட்டை கட்டினாள், ஜனவரியில் அவிழ்த்தாள். இப்போது கிளினிகல் சைக்காலஜியிலேயே நான்காண்டு பி.எஸ்சி. ஆனர்ஸ், சை.டி. என்று புதுப் பெயர்கள் புறப்பட்டிருக்கின்றன. ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்குச் சரி. ஏற்கனவே பழைய பாதையில் முக்கால் தூரம் வந்து நிற்கிறவள் மறுபடி அடிவாரத்துக்கு இறங்கி வர வேண்டுமா?

மைசூர்க்காரனுக்கு இதெல்லாம் பழகின காட்சி. கூப்பிடு தூரத்தில் லான்ஸ்டவுன் கட்டடம் இருக்கிறது. மாணவர்கள் பழைய பாடப்புத்தகம் வாங்கியது அந்தக் கடைகளில்தான். 2012 ஆகஸ்டில் அதன் ஒரு பகுதி இடிந்து நான்கு பேர் செத்தார்கள். கட்டடம் மூடப்பட்டது. 2016 ஆகஸ்டில் தேவராஜ மார்க்கெட்டின் வடக்குப் பக்கம் சரிந்தது. இடித்துக் கட்டுவதா, பழுது பார்ப்பதா என்று நிபுணர் குழுக்களும் நீதிமன்றமும் வருஷக் கணக்காக வாதாட, உள்ளே வியாபாரம் நடந்துகொண்டேயிருந்தது. ஆனாலும் எங்கள் மாநகராட்சியைப் பாராட்ட வேண்டும்: புதுக் கடை கட்டாமல் பழைய கடையை ஒரேயடியாக இடிக்கும் துணிச்சல் அதற்கு வரவில்லை. யுஜிசிக்கு வந்துவிட்டது.

சரி, வாசல் அடைபட்டால் ஜன்னல் உண்டே? தொலைதூரக் கல்வி என்ற ஜன்னல். வேலைக்குப் போய்க்கொண்டே, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே எம்.ஏ. சைக்காலஜி படித்தவர்கள் எத்தனையோ பேர். மைசூரிலேயே முக்தகங்கோத்ரியில் 1996 முதல் கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2015-இல் அதன் அங்கீகாரத்தையே யுஜிசி பறித்தது. 2018-இல் திருப்பிக் கொடுத்தது. இடையில் சிக்கிய மாணவர்கள் கையில் பட்டத்தை வைத்துக்கொண்டு அது பட்டமா காகிதமா என்று அலைந்ததை இந்த ஊர் பார்த்திருக்கிறது. 2025 ஆகஸ்டில் ஜன்னலையே அடைத்தாயிற்று: அந்த ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் சைக்காலஜியை, நுண்ணுயிரியல், ஊட்டச்சத்து முதலியவற்றோடு சேர்த்து, தொலைதூரத்திலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது. மனநலத்தைத் தபாலில் கற்றுக்கொடுக்க முடியாது என்ற காரணத்தை மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தடைப் பட்டியலைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்துவிட்டேன். ஜோதிடம் அதில் இல்லை.

ஆமாம், ஜோதிடம். பல்கலைக்கழகங்களில் வேத ஜோதிடம் நடத்தலாம் என்று 2001-இல் முடிவெடுத்ததும் இதே யுஜிசிதான். விஞ்ஞானி பி.எம்.பார்கவா உச்ச நீதிமன்றம் வரை போனார், 2004-இல் தோற்றார். 2021-இல் இக்னோ, அதாவது நாட்டின் மிகப் பெரிய தொலைதூரப் பல்கலைக்கழகம், ஜோதிடத்தில் எம்.ஏ. தொடங்கியது. ஆக, ஒருத்தி ராத்திரியெல்லாம் தூங்காமல் அழுதால் அது மனச்சோர்வா என்று கண்டுபிடிக்கும் கல்வியைத் தபாலில் படிக்கக் கூடாது, ஆபத்து. அது ஏழரைச் சனியா என்று கண்டுபிடிக்கும் கல்வியைத் தாராளமாகப் படிக்கலாம். சனி பகவான் ஆன்லைனிலும் வருவார் போலிருக்கிறது.

இதெல்லாம் எந்த ஊரில் என்பதுதான் பொறுக்கவில்லை. இந்தியாவில் கல்கத்தாவுக்கு அடுத்தபடியாகப் பல்கலைக்கழகத்தில் சைக்காலஜித் துறை வந்தது மைசூரில், 1924-இல். துணைவேந்தராக இருந்த பிரஜேந்திரநாத் சீல் பொறுப்பைக் கொடுத்தது, லண்டனில் ஸ்பியர்மனிடம் படித்துத் திரும்பிய எம்.வி.கோபாலஸ்வாமிக்கு. மனுஷன் மனசை அளக்கிற கருவிகளோடு நிற்கவில்லை. 1935-இல் தன் வீட்டிலேயே ஒரு வானொலி நிலையத்தைத் தொடங்கிவிட்டார். 'ஆகாசவாணி' என்ற பெயர் நாட்டுக்கு அந்த வீட்டிலிருந்து போனதுதான். சொந்த வீட்டுக் கூடத்தில் ஒரு நாட்டு வானொலியின் பெயரையே உருவாக்க ஒரு சைக்காலஜிப் பேராசிரியரால் முடிந்தது. நூறு வருஷம் கழித்து அதே ஊரில் சைக்காலஜி படித்தவளுக்கு ஒரு வார்டில் ஒரு ஸ்டூல் போட முடியவில்லை. பெங்களூரில் அகில இந்திய மனநல நிறுவனம் 1954-இல் வந்தது. மறு வருஷமே அங்கே கிளினிகல் சைக்காலஜிக்குப் பயிற்சி ஆரம்பித்துவிட்டார்கள். எழுபது வருஷம் ஓடிவிட்டது. எழுபது வருஷத்தில் ஓர் ஆலமரத்தை வளர்த்து அதன் கீழ் சந்தையே போட்டிருக்கலாம்.

மைசூர்த் தமிழர்கள் ஆறுதல் சொல்ல வந்தால் நாவலாசிரியர் ஆர்.கே.நாராயணனைக் கையோடு அழைத்து வருவார்கள். எங்கள் தலைமையாசிரியரும் அழைத்து வந்தார். நாராயணனும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தேறாதவர்தானே? ஒரு வருஷம் வீட்டில் சும்மா இருந்தாரே? பி.ஏ. முடித்து எம்.ஏ.வுக்குப் போகிற வழியில் ஒரு நண்பர், இலக்கியத்தில் இருக்கிற ஆசையே செத்துவிடும் என்று தடுத்தாராமே? வாத்தியார் வேலைக்குப் போய், டிரில் மாஸ்டருக்குப் பதிலாக நிற்கச் சொன்னதும் தூக்கிப் போட்டுவிட்டு வந்தாரே? 1935-இல் 'சுவாமியும் நண்பர்களும்' நாவல் வந்துவிட்டதே? எல்லாம் உண்மைதான் சார். ஆனால் அவருடைய அப்பா பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். வருஷக் கணக்கில் படிக்கவும் யோசிக்கவும் அந்த வீட்டில் புத்தகமும் சாப்பாடும் இருந்தன. இந்தப் பெண்ணின் அப்பா விடியற்காலையில் எழுந்து வெற்றிலை எண்ணுகிறார். நாவல் எழுத இவளுக்கு ஒரு பேனா போதுமாக இருக்கலாம். நோயாளியைப் பார்க்கப் பதிவேட்டில் ஓர் எண் வேண்டும். அதைக் கற்பனையில் எழுதிக்கொள்ள முடியாது. நாராயணனின் மால்குடிக்கு மறுவாழ்வு கவுன்சில் கிடையாது.

நேர்காணல்களில் இவளிடம் வழக்கமாகக் கேட்பார்களாம்: உன் பலவீனம் என்ன, இந்தச் சீட்டு கிடைக்காவிட்டால் என்ன செய்வாய், ஐந்து வருஷத்தில் எங்கே இருப்பாய்? நாற்காலியைத் திருப்பிப் போட்டு ஒரு நாள் யுஜிசியையும் கவுன்சிலையும் கல்வி அமைச்சகத்தையும் உட்கார வைக்க ஆசை. ஐயா, உங்கள் பலவீனம் என்ன? "முதலில் மூடிவிடுவோம், பிறகு யோசிப்போம்." 2021-இல் மருத்துவம் சார்ந்த தொழில்களுக்கென்று ஒரு தேசிய ஆணையச் சட்டம் போட்டீர்களே, அதை அமல்படுத்த 2024-இல் உச்ச நீதிமன்றம் கெடு விதிக்க வேண்டியிருந்தது ஏன்? "அடுத்த கேள்வி." 100 பேர் படிக்கிற இடத்தில் ஒரு கவுன்சலராவது வேண்டும் என்று தீர்ப்பு வந்திருக்கிறது, ஆள் இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள்? "ஸ்பிரிங்." ஐந்து வருஷத்தில் எங்கே இருப்பீர்கள்? "இதே அறையில், இதே நாற்காலியில், வேறொரு சுற்றறிக்கையோடு." நேர்காணல் முடிந்தது. இவர்கள் யாரும் பட்டியலில் விடுபட மாட்டார்கள். பட்டியலே இவர்கள் போடுவது.

பெண் இப்போது ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் கவுன்சலர். பெயர் அப்படி. காலையில் வருகைப் பதிவேடு, மத்தியானம் வராத டீச்சருடைய வகுப்பு, சாயங்காலம் பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றுவது. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கையைக் கீறிக்கொள்கிறான் என்று அவள் போய்ச் சொன்னபோது, முழுக்கைச் சட்டை போட்டு அனுப்பச் சொல்லி வீட்டுக்கு எழுதச் சொன்னார்களாம். அவள் அப்படி எழுதவில்லை. பையனின் அம்மாவை வரச் சொல்லி, பஸ் ஏற்றுகிற வேலையை விட்டுவிட்டு இரண்டு மணி நேரம் பேசினாள். மறுநாள் பஸ் டியூட்டிக்கு நிற்காததற்கு மெமோ கொடுத்தார்கள்.

மெமோவைப் பார்த்த அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. நம்ம வாசல்ல நாமே போர்டு வெச்சுப் பார்த்துக்கலாம் என்று பெயிண்டரை அழைத்து வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை, நானும் இருந்தேன். தகரப் பலகை, நீல வண்ணம், வெள்ளை எழுத்து. பெயருக்குக் கீழே என்ன எழுதட்டும் என்று பெயிண்டர் கேட்டார். கிளினிகல் சைக்காலஜிஸ்ட் என்றார் அப்பா. "அது எழுதக் கூடாதுப்பா." சரி, மனநல மருத்துவர்? "அது டாக்டருங்கப்பா." தெரபிஸ்ட்? பயிற்சியை முடிக்காமல், மேலே ஒரு மூத்தவரின் பார்வை இல்லாமல் போர்டு தொங்கவிடக் கூடாது என்று அவளுக்குக் கல்லூரியில் ஒரு பாடம் நடத்தியிருக்கிறார்கள். மொஹல்லா முழுவதிலும் அந்தப் பாடத்தைப் படித்தவள் அவள் ஒருத்திதான். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அப்பா பலகையையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் பெயர் மட்டும் நின்றது, பக்கத்தில் எம்.எஸ்சி.

பெயிண்டர் பிரஷைத் துணியில் துடைத்தார். எழுத்துக் கணக்கில் கூலி பேசியிருந்ததால் அவருக்கு வருத்தம்.

"கீழே இடம் நிறையக் காலியா இருக்கு சார்" என்றார் என்னிடம். "ஜோசியம், வாஸ்துன்னு ஏதாவது போட்டுடட்டுமா?"